பொன்னாடையைப் போர்த்துவது யார்?

ஜூலை 1 நெருங்கினால் காரைக்குடியில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கு வேலை கூடிவிடும். அன்று தேசிய மருத்துவர் தினம். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி.ராய் பிறந்ததும் (1882) இறந்ததும் (1962) அதே தேதியில் என்பதால் 1991 முதல் அந்த நாளை மருத்துவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நம் ஊரில் அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. ஏ.சி. போட்ட கல்யாண மண்டபம், மேடையில் வெல்வெட் நாற்காலி, சந்தன மாலை, கேடயம், பொன்னாடை. மூத்த மருத்துவர்கள் ஏழெட்டுப் பேருக்கு 'வாழ்நாள் சேவை' விருது. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது ஆண்டுகளை நோயாளிகளோடு கழித்தவர்களுக்கு ஒரு மாலைப்பொழுது கைதட்டுவது நல்ல பழக்கம்தான்.

அப்படி ஒரு விழா நடத்துகிறவர்கள் இந்த முறை எங்களைத் தேடி வந்தார்கள். "டவுன் டாக்டர்கள் லிஸ்ட் ரெடி. கிராமத்துல சேவை பண்ணுன ஒருத்தர் பேரு வேணும். நீங்கதான் காலனி காலனியா அலையுறீங்களே, சொல்லுங்க" என்றார்கள். உண்மைதான், அலைகிறோம். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை ஒன்றியங்களின் சேரிகளில் எங்கள் சின்னக் குழுவுக்கு வேலை ஓய்வதில்லை. முதியோர் பென்ஷன் மனு, சாதிச் சான்றிதழ், வன்கொடுமை வழக்குகளில் வர வேண்டிய நிவாரணத் தொகை, டி.பி. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களைத் தேடிப் போவது. இதில் எந்த வேலையாக இருந்தாலும் கடைசியில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விடும்.

பெயரை நாங்கள் முடிவு செய்ய மாட்டோம், வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். சரி என்றார்கள். அந்த மாதம் முழுக்கப் போகிற இடத்திலெல்லாம் அந்தக் கேள்வியையும் கையில் எடுத்துக்கொண்டு போனோம். உங்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களில் யாருக்கு மாலை போடலாம்?

யாரும் பட்டத்தைச் சொல்லவில்லை. எம்.டி.யா, எம்.எஸ்.ஸா என்பது யாருக்கும் நினைவில்லை. கைராசியைச் சிலர் சொன்னார்கள். ஆனால் மூன்று ஒன்றியங்களிலும், ஒருவரை ஒருவர் தெரியாத பெண்கள், கிட்டத்தட்ட ஒரே சொல்லில் ஆரம்பித்தார்கள்: "தொட்டுப் பாத்தாக."

கல்லல் பக்கத்தில் ஒரு அப்பத்தா இதை விளக்கியே சொன்னார். "மத்தவுக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே என்ன செய்யுதும்பாக. நாம சொல்லி முடிக்கிறதுக்குள்ள சீட்டு எழுதிருவாக. இவுக வயித்த அமுக்கிப் பாத்தாக. கண்ணு மடல இழுத்துப் பாத்தாக. கால்ல பித்தவெடிப்பு, அதக்கூடத் தொட்டுப் பாத்தாக தாயி." இன்னொரு பெண்: "ஸ்டூல்ல உக்காரச் சொன்னாக. எந்த ஊருன்னு கேட்டாக. எந்தத் தெருன்னு கேக்கல."

இந்தக் கடைசி வாக்கியத்தை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் 'எந்த ஊரு' என்பது விசாரிப்பு. 'எந்தத் தெரு' என்பது சாதி கேட்பது. அதற்குப் பதில் சொன்ன பிறகு எதிரே இருப்பவரின் முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்க்கக் கூடாது என்றே பலர் நோயை முற்ற விடுகிறார்கள். சர்க்கரை ஏறிக் கால்விரல் கறுத்த பிறகு வருவார்கள். 'ஏன் இவ்வளவு லேட்டு' என்று அங்கே ஒரு அதட்டல் விழும். ஆவணத்தில் அது 'விழிப்புணர்வு இன்மை' என்று பதிவாகும்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் ஒரே மருத்துவரின் பெயர் மூன்று காலனிகளில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதை நெருங்குகிறது. இப்போதும் வீட்டுத் திண்ணையில் காலை இரண்டு மணி நேரம் பார்க்கிறார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அவர் என்ன சாதி என்று அந்த மக்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதையும் எழுதவில்லை.

அவரைப் பற்றிச் சொன்னவர்கள் அவரைச் சாமியாக்கவில்லை என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது. கோபக்காரர். குடித்துவிட்டு வருகிற ஆண்களை வாசலிலேயே நிறுத்தித் திட்டுவார். பிள்ளைக்கு ஊசி போடுங்கள் என்று வற்புறுத்துகிற தாய்மாரையும் திட்டுவார். ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "வஞ்சுபுட்டுத்தான் மருந்து குடுப்பாக. ஆனா எங்க வீட்டுக் கயித்துக் கட்டில்ல உக்காந்து, எங்க செம்புல தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுத்தான் வைவாக" என்றார். செம்புத் தண்ணீர் குடித்த இந்தச் செய்தியை ஐந்து பேராவது தனித்தனியே சொன்னார்கள். முப்பது ஆண்டுக்கு முன் குடித்த தண்ணீர்.

இதைக் கேட்டபோது எங்களுக்கு அண்ணல் அம்பேத்கர் ஞாபகம் வந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் அவர் தன் அனுபவம் அல்லாத ஒரு சம்பவத்தையும் சேர்த்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத சாதி ஆசிரியர் எழுதிய கடிதம் அது. 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் வெளியானது. அவர் மனைவி பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயில் விழுகிறார். மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் கட்டணமும் பேசி, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொள்கிறார். பிள்ளை பெற்று மூன்று நாளே ஆன பெண்ணை வெளியே தூக்கி வருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்கிறார். கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லி மருத்துவர் போய்விடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

அந்த மருத்துவருக்கும் ஊரில் நல்ல பெயர் இருந்திருக்கும். ஒருவேளை அவருக்கும் வயதான காலத்தில் யாராவது மாலை போட்டிருப்பார்கள்.

கத்தியவார் தூரம் என்று நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1930 டிசம்பரில், நாம் வாழும் இந்த மண்ணில் (அன்று ராமநாதபுரம் மாவட்டம்) ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை ஆதிக்க சாதியினர் அறிவித்தார்கள். ஜே.எச்.ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பட்டியலே தருகிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு போடக் கூடாது. மறு ஆண்டு இந்தத் தடைகள் பதினொன்றாகின.

சமூகவியல் வகுப்பில் இதை 'அந்தஸ்துக் குறியீடுகள் மீதான கட்டுப்பாடு' என்று படித்தோம். களத்துக்கு வந்த பிறகுதான் இதை ஒரு சுகாதாரப் பட்டியலாகவும் படிக்கலாம் என்று புரிந்தது. செருப்பில்லாத காலின் தோல் வழியாகத்தான் கொக்கிப்புழு உடலுக்குள் போகிறது. போய்க் குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்கிறது. அந்த இரத்தசோகையோடு பெண் கர்ப்பமாகிறாள். குடையும் சட்டையும் இல்லாமல் சித்திரை வெயிலில் களத்துமேட்டில் நிற்கிற உடம்புக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமுதாய நல மருத்துவம் என்று ஒரு துறை இருக்கிறதே, அதன் பாடப்புத்தகத்தில் நோய்க்காரணிகள் என்ற அத்தியாயத்தில் சாதிக்கு ஒரு பக்கம் கொடுத்தாலே போதும், பாதி மருத்துவர்கள் வேறு மாதிரி வெளியே வருவார்கள்.

மண்பாண்டம் தவிர வேறு புழங்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்களின் பேத்திகள்தாம், டாக்டரய்யா எங்கள் செம்பில் தண்ணீர் குடித்தார் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவரைப் போய்ப் பார்த்தோம். சேவையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது பேசினார். செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றிச் சுற்றுலாப் புத்தகங்களில் அழகாக எழுதுகிறார்கள். மழைநீரைச் சேர்க்கிற அந்த அறிவு பெரியதுதான். ஆனால் குடிக்கிற ஊருணி, குளிக்கிற ஊருணி, சேரிக்கு ஒதுங்கிய குட்டை என்ற பிரிவினையைப் புத்தகத்தில் போடுவதில்லை. அவர் பணிக்கு வந்த புதிதில் ஒரு காலனியில் மட்டும் வயிற்றுப்போக்கு. ஊர்த்தெருவில் ஒருவருக்கும் இல்லை. உப்புக்கரைசல் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்த்திருக்கலாம். இவர் எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே அந்தப் பெண்களோடு நடந்து போயிருக்கிறார். மாடு குளிப்பாட்டுகிற குட்டை. திரும்பி வந்து ஊராட்சியில் பேசியபோது, காலாகாலமாக அவர்களுக்கு அதுதான் வழக்கம் என்றார்களாம். "வழக்கம் இருக்கட்டும்யா. 1939லயே பொது சுகாதாரச் சட்டம் போட்டாச்சு, நம்ம மாகாணத்துலதான் முதல்ல போட்டான், அதுல குடிதண்ணிக்கு எனக்கு அதிகாரம் இருக்குன்னு சொன்னேன். அதிகாரம் எவ்வளவு இருக்குன்னு எனக்கே சரியாத் தெரியாது. சட்டப் புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டுப் பேசுனேன், அவ்வளவுதான்." காலனிக்கு அடிபம்பு வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் அவரை மாற்றச் சொல்லி இரண்டு மொட்டைக் கடிதம்.

நோயாளியின் வயிற்றைத் தொட்டுவிட்டு, அந்த வயிற்றுக்குள் போன தண்ணீரையும் விசாரிக்கிற இந்த ஒரு கேள்வி எவ்வளவு பெரியது என்பதை நம் பக்கத்து மாவட்டம் 2022-இல் காட்டியது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். குடிநீரில் கோளாறு இருக்கலாம், பாருங்கள் என்று சொன்னது சிகிச்சை பார்த்த மருத்துவர்கள். டிசம்பர் 26 அன்று இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். உள்ளே என்ன கிடந்தது என்பதை நாடே அறியும். அந்தக் கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளின் சீட்டில் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதி மாத்திரையோடு அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். வழக்கு பிறகு எங்கெங்கோ போனது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகளாகக் காட்டியதும், அதைத் தலித் இயக்கங்கள் ஏற்க மறுத்து சி.பி.ஐ. விசாரணை கேட்டதும் தனியாக எழுத வேண்டியவை. இங்கே சொல்ல வந்தது, பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் முதலில் நின்றது ஒரு மருத்துவக் கேள்வி என்பதைத்தான். அதைக் கேட்ட மருத்துவர்களுக்கு யாரும் பொன்னாடை போர்த்தியதாகச் செய்தி நாங்கள் பார்க்கவில்லை.

புதுக்கோட்டை என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊரில்தான் 1886 ஜூலை 30 அன்று முத்துலட்சுமி பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தப் பிறப்பைச் சொல்லி இழிவு பேசிய ஊரில், மன்னரின் அனுமதியோடு ஆண்கள் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாகப் படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இருந்து மருத்துவராக வெளியே வந்தார். சட்டமன்ற மேலவைக்குப் போய்த் தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடினார். அவ்வை இல்லம் தொடங்கினார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைப் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினார். 1956-இல் பத்மபூஷண். நாங்கள் கவனித்த ஒரு சின்ன விஷயம். எங்கள் காலனிப் பெண்களின் வாயில் அவர் பெயர் தினமும் புழங்குகிறது. மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தானே. "முத்துலட்சுமி பணம் ரெண்டாவது தவணை ஏறலக்கா" என்பார்கள். யார் அந்த முத்துலட்சுமி என்று கேட்டால் ஏதோ அரசாங்க அம்மா என்பார்கள். ஒரு கர்ப்பிணிகள் கூட்டத்தில் அவர் கதையைச் சொன்னோம். பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தினார்கள் என்ற இடத்தில் பேச்சு நின்று, எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதே அரசாங்கம் கொடுத்த இன்னொரு கௌரவத்தையும் இதனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு 2023-இல் குழுமூர் அனிதாவின் பெயர் வைத்தார்கள். 1200-க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் நீட்டால் மருத்துவம் மறுக்கப்பட்டு 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்ட பெண். மருத்துவராகவே விடாத ஒருத்தியின் பெயர் மருத்துவக் கல்லூரிச் சுவரில் இருக்கிறது. இதைப் பெருமை என்று சொல்வதா, என்ன என்று சொல்வது?

கௌரவம் தாமதமாக வருவதற்கு நமக்கு நன்கு தெரிந்த உதாரணம் வியாசர்பாடி. டாக்டர் திருவேங்கடம் வீரராகவன். ஒடுக்கப்பட்ட மக்கள் நெருக்கியடித்து வாழ்கிற வடசென்னையில் 1973-இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்து, கடைசி வரை ஐந்து ரூபாயைத் தாண்டாதவர். காமராசர் காலத்துக் கொள்கையால் காசு செலவழிக்காமல் படித்தேன், அதனால் காசு வாங்கவில்லை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'மெர்சல்' படம் வந்தபோது நிஜ ஐந்து ரூபாய் டாக்டர் என்று எல்லோரும் அவரைத் தேடிப் போனார்கள். 2020 ஆகஸ்ட் 15 அன்று இறந்தார். 2021 பட்டியலில் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், இறப்புக்குப் பின்.

எங்கள் குழுவுக்குள் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது. ஒரு தோழர் சொன்னார்: ஐந்து ரூபாய் டாக்டரைக் கொண்டாடக் கொண்டாட, ஐந்து காசு வாங்காமல் பார்க்க வேண்டிய அரசு ஆஸ்பத்திரி ஏன் அந்தத் தெருவில் போதவில்லை என்ற கேள்வி மறைந்து போகிறது. ஏழைக்குக் கருணையுள்ள டாக்டர், பணக்காரனுக்குக் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி என்று ஆகிவிடும். சரியான வாதம்தான். நாங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். தமிழ்நாட்டில் ஏழைகளை உயிரோடு வைத்திருப்பது தனிமனிதக் கருணையைவிட ஆரம்ப சுகாதார நிலையமும், வீடு வீடாக நடக்கிற கிராம சுகாதார செவிலியரும், 108 வண்டியும்தான். ஆனால் வியாசர்பாடியில் இரவு ஒன்பது மணிக்குக் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு இந்த வாதம் எதற்கு? அவளுக்குக் கதவு திறந்தது. அவள் நன்றியைக் கொள்கைக் குழப்பம் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

மருத்துவர்களைக் கொண்டாடுகிற இதே சமூகம் 2020-இல் என்ன செய்தது என்பதையும் மறக்க முடியவில்லை. மார்ச் 22 அன்று மருத்துவப் பணியாளர்களுக்காகத் தட்டை எடுத்துத் தட்டினோம். ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லையும் கட்டையையும் எடுத்தது. ஆம்புலன்ஸ் உடைந்தது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் மண்வெட்டி பிடித்து மண் தள்ளி அவரைப் புதைத்தார். நாடு அதிர்ந்தது, ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது. எங்கள் காலனிகளில் அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்தவர்கள் வருத்தப்பட்டார்கள், ஆனால் அதிர்ச்சி அடையவில்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகையில் இந்தத் தெரு வழியாக வராதே என்று வழி மறிக்கப்படுவது அவர்களுக்குப் புதிதா? ஒரு பெரியவர், "டாக்டருக்கே இந்தக் கதியா, ஒரு ராத்திரி நம்மாளா இருந்து பாத்துட்டாக பாவம்" என்றார். எங்கள் சுடுகாட்டுப் பாதை வழக்குகளுக்கு எந்த அவசரச் சட்டமும் வந்ததில்லை.

இனி விழா விஷயத்துக்கு வருகிறோம். ஓய்வு பெற்ற அந்த மருத்துவரின் பெயரைக் கொடுத்தோம். கூடவே ஒரு கோரிக்கை. பொன்னாடையை அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட கல்லல் பக்கத்து அப்பத்தா போர்த்த வேண்டும். முடிந்தால் விழாவில் அந்த ஒரு பகுதியை மட்டும் காலனிச் சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்கள் நல்ல மனிதர்கள்தாம், முகம் சுளிக்கவில்லை. "நீங்க சொல்றது புரியுது சார். ஆனா பொன்னாடை சீஃப் கெஸ்ட்தான் போத்தணும், அதுதான் முறை. அந்தம்மாவ முன்வரிசைல உக்கார வச்சுருவோம். கைதட்டட்டும். போட்டோவும் எடுத்துக்கலாம்" என்றார்கள்.

அதுதான் முறை. இந்தச் சொல்லுக்கு எங்கள் மண்ணில் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. புதுக்கோட்டை சமஸ்தானத்தைப் பற்றி நிக்கோலஸ் டர்க்ஸ் எழுதிய நூலை (1987) முதுகலையில் படித்தபோது எங்களுக்குத் தைத்த விஷயம், அங்கே ஆட்சி என்பதே பெரும்பாலும் மரியாதைகளைப் பங்கிடுவதாக இருந்தது என்பதுதான். யாருக்கு முதல் பரிவட்டம், யாருக்கு இரண்டாவது, யாருக்குக் கிடையாது. அதற்குப் புத்தகம்கூடத் தேவையில்லை. தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி இருக்கிறது. உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்று நான்கு நாட்டார்களின் மரியாதையைச் சுற்றி நடக்கிற ஆனித் தேர். அந்த வடத்தைத் தொடுகிற உரிமையைத் தலித் மக்கள் 1998 முதல் கேட்டார்கள். நீதிமன்றம், போலீஸ், 144 தடை எல்லாம் வந்தன. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்ற தேர், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. வடத்தைத் தொடுவதால் யாருக்கும் சோறு கிடைத்துவிடாது. ஆனாலும் ஏன் இவ்வளவு போராட்டம் என்றால், சாமிக்கு மரியாதை செய்கிற இடத்தில் நிற்கிறவன்தான் ஊரில் மனுசன் என்று கணக்கு.

மருத்துவரைக் கௌரவிப்பதிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. வாங்குகிறவர் தகுதியானவரா என்று குழு வைத்துப் பார்க்கிறார்கள். கொடுக்கிறவரின் தகுதியை யாரும் கேட்பதில்லை. அது ஏற்கெனவே முடிவாகியிருக்கிறது: தொழிலதிபர், அரசியல் பிரமுகர், ஓய்வு பெற்ற அதிகாரி. அந்த மருத்துவர் நாற்பது ஆண்டு தொட்டுப் பார்த்த உடம்புகளில் ஒன்றுகூட மேடையில் இருக்காது. அவர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சியே இல்லாமல் அவருக்கு விருது.

அப்பத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னோம். முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்களாம், வருகிறீர்களா என்றோம். வெற்றிலையை இடித்துக்கொண்டே, "கீழ உக்காந்து கைதட்டவா? அதுக்கு எதுக்குப்பா காரக்குடி வரைக்கும். அவுக நடந்து வந்தாகள்ல எங்க தெருவுக்கு, அப்பவே தட்டியாச்சு" என்றார்.

எங்களில் ஒருவர், விழாவில் கலந்துகொண்டால் நாலு பத்திரிகையில் வரும், அடுத்த முறை மேடை கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். வாதத்தில் நியாயம் இருந்தது, ஆனால் அப்பத்தா சொன்ன பிறகு அதை எடுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. மருத்துவரிடமே போனோம். அவருக்கு இரண்டு பக்கமும் பெரிய அக்கறை இல்லை. "பொன்னாடைய வச்சு என்ன பண்றது? வீட்டம்மா பீரோல இடமில்லங்கிறா. மண்டபத்துக்கு நான் வரல, மூட்டு வலி. அந்தக் கெழவிய ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறேன், சுகர் என்னாச்சுன்னு பாக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் வந்தார். மைக் செட் இல்லை, ஃப்ளெக்ஸ் இல்லை. சமுதாயக் கூடத்துத் திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் இருபது ரூபாய், முப்பது ரூபாய் போட்டுக் கோ-ஆப்டெக்ஸில் ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார்கள். எந்தத் தோளில் துண்டு கிடக்கலாம் என்று ஊர் முடிவு செய்த காலத்தைப் பார்த்த அப்பத்தா, நடுங்குகிற கையால் அதை அவர் தோளில் போட்டார். அவர் உடனே அப்பத்தாவின் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். பிறகு பதினெட்டுப் பேருக்குப் பிரஷர் பார்த்தார். மூன்று பேரைத் திட்டினார். செம்பில் தண்ணீர் வந்தது. குடித்தார்.

கிளம்பும்போது, துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் இருக்கிறாரா என்று கேட்டார். பணியிடம் காலி, பக்கத்து சென்டர் செவிலியர் கூடுதல் பொறுப்பாக வாரம் ஒரு நாள் வருகிறார், அதுவும் கட்டடம் ஊர்த்தெருவில் கோயிலை ஒட்டி இருப்பதால் நம் பெண்கள் போகத் தயங்குகிறார்கள் என்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "துண்டு போட்டீக, சரி. ஒரு வெள்ளப் பேப்பர் கொண்டாங்க" என்றார்.

மனுவை அவரே எழுதினார். காலியான செவிலியர் பணியிடத்தை நிரப்புவது, அதுவரை வாரத்தில் இரண்டு நாள் காலனிச் சமுதாயக் கூடத்தில் வைத்து ஊசியும் கர்ப்பிணிப் பரிசோதனையும் நடத்துவது, மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையைக் காலனிக்குள் கொண்டுவந்து கொடுப்பது. முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது அப்பத்தாவின் கைரேகை. மொத்தம் அறுபத்து மூன்று. திங்கட்கிழமை குறைதீர் நாளில் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். மனு எண் வந்திருக்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போவதாக இருக்கிறோம். மூட்டு வலி இருந்தாலும் அதற்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.